பச்சைப் பட்டை இல்லாத திரை

இத்தனை ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் எப்படித்தான் தட்டச்சு செய்கிறீர்கள் என்று ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வதை எழுதும் ஜன்னல் அடிக்கடி அடியில் போய்விடுகிறது. அதைத் தேடி மௌஸைப் பிடித்துக்கொண்டு அலைகிறீர்கள். குறை சொல்லவில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன், எனக்கு அவசரமில்லை.

நான் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். எந்தக் கட்டிலில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன மருந்து, எவ்வளவு, எந்த வேளைக்கு என்பதெல்லாம் எங்கள் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் நர்ஸ்களின் மேசையில் ஒரு திரை உண்டு. அதைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள். அந்தச் சர்வரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவன் நான். பக்கத்து அறையில் நீங்கள் மறுபடியும் விசாரிக்கக் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கும் ஆள் என் தங்கையின் கணவன், என் மாப்பிள்ளை. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் நான்தான்.

எங்களுக்குள் என்ன பகை என்று கேட்டீர்கள். சொத்துத் தகராறா, தங்கையைக் கொடுமைப்படுத்தினானா என்றெல்லாம் துருவினீர்கள். அப்படி எதுவும் இல்லை. தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். குடிப்பதில்லை, பொய் சொல்வதில்லை. டெர்மினல்களை எப்படி அடுக்குவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இதைச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். என் தங்கையும் இப்படித்தான் சிரித்தாள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் மற்றது புரியாது. டெர்மினல் என்பது எழுத்தால் கட்டளை கொடுக்கிற கறுப்புத் திரை. எங்கள் தொழிலில் ஒன்று போதாது. ஒன்றில் வேலை ஓடும், ஒன்றில் அந்த வேலை எப்படிப் போகிறது என்று கண்காணிப்போம், இன்னொன்றில் வேறு ஏதாவது. என்னுடைய வழி மல்டிபிளெக்சர். அது ஒரே டெர்மினலை உள்ளுக்குள்ளேயே பல பாகமாகப் பிரித்துக் கொடுக்கும். முக்கியமானது அதுவல்ல. அது என் மேசையில் ஓடுவதில்லை, சர்வரிலேயே ஓடுகிறது. என் மேசையில் தெரிவது வெறும் காட்சி. நான் எழுந்து போகலாம், கணினியை அணைக்கலாம், இடையில் லைன் அறுந்துபோகலாம். உள்ளே வேலை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அப்படி உள்ளே ஓடுவதைச் செஷன் என்போம். திரும்பி வந்து அதில் மறுபடி சேர்ந்துகொண்டால், விட்ட இடத்தில் எல்லாம் இருக்கும். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை தெரியும். அது தெரிந்தால் வேலை பத்திரமாக இருக்கிறது என்று பொருள். எனக்கு அந்தப் பட்டையைப் பார்த்தாலே மனசு அமைதியாகிவிடும்.

அவனுடைய வழி டைலிங் விண்டோ மேனேஜர். ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. குளியலறைச் சுவரில் ஓடு பதித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் தாமாகவே உட்கார்ந்துகொள்ளும். புதிதாக ஒன்றைத் திறந்தால் மற்றவை ஒதுங்கி இடம் கொடுக்கும். மௌஸே வேண்டாம், எல்லாம் விசைகளில். எழுத்து மட்டுமல்லாமல் படம், வரைபடம், இணையப் பக்கம் எதையும் அதில் அடுக்கலாம். என் முறையில் அது முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் நியாயமானவன். ஆனால் அந்த அடுக்கெல்லாம் அவன் மேசையோடு சரி. சர்வருக்குப் போகிற லைன் அறுந்தால் ஜன்னல் ஜம்மென்று அப்படியே நிற்கும், அதற்குள் ஓடிய வேலை செத்துப்போகும்.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வைத்துக்கொள்ளலாம். அவன் ஜன்னல் ஒன்றுக்குள் என் மல்டிபிளெக்சரை ஓடவிட்டால் போதும். விவரம் தெரிந்தவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முதலில் அவன், நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத்தான் அவன் செய்யவில்லை.

சேர்ந்த புதிதிலேயே நான் சொல்லிக் கொடுத்தேன். என் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மச்சான், ஒரு பாகத்துலேர்ந்து அடுத்ததுக்குப் போகணும்னாகூட முதல்ல ஒரு விசையை அழுத்தி அனுமதி கேக்கணுமா? சொந்த வீட்டுக்குள்ள கதவைத் தட்டிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு?"

"லைன் அறுந்தா தெரியும் உனக்கு," என்றேன்.

"இந்த ஆபீஸ்ல லைன் என்னைக்காவது அறுந்திருக்கா மச்சான்?"

"அறுந்தா?"

"அறுந்தா அன்னைக்குப் பாத்துக்கலாம்."

அந்தப் பதில் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லைன் அறுந்ததில்லைதான். ஏன் அறுந்ததில்லை? கேபிள் ஒவ்வொன்றையும் இழுத்தவன் நான், முனை ஒவ்வொன்றையும் குறடால் இறுக்கியவன் நான். என் வேலை நன்றாக இருப்பதையே எனக்கு எதிரான வாதமாக வைத்தான் அவன். வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டு மருத்துவமனையே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், துடைப்பம் பிடிக்கிற அம்மா வரைக்கும். "மாப்பிள்ளை எங்க? இந்தத் திரை ஹேங் ஆயிடுச்சு, கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். எனக்கு அப்படி யாரும் பெயர் வைத்ததில்லை. கணினி ஆள் என்பார்கள். நர்ஸ்கள் அவன் மேசைக்குப் பின்னால் நின்று, கலர் கலராகக் கரை போட்ட ஜன்னல்கள் நகர்வதை வேடிக்கை பார்ப்பார்கள். என் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பார்க்க என்ன இருக்கிறது?

பிறகு ஒருநாள் நிர்வாகி எங்கள் அறைக்கு வந்தார். அவருக்குக் கணினி என்றால் திரை, திரை என்றால் கலர். மாப்பிள்ளையின் மேசையைப் பார்த்தார், என் மேசையைப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கே. எல்லா மேசையிலயும் இதையே போட்டுடலாம்," என்றார். என் பக்கம் திரும்பி, "உங்களுதுலயும் மாப்பிள்ளையே போட்டுக் குடுத்துடுவாரு. நீங்க சிரமப்பட வேண்டாம்," என்றார்.

நான் சரி என்றேன். மாப்பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் போனதும், "மச்சானுக்கு வேண்டாம்னா விட்டுடலாம். நான் பேசிக்கறேன்," என்றான். எனக்கு அவன் பரிந்து பேசுகிறானாம். பல்லைக் கடித்துக்கொண்டு, போடு என்றேன். போட்டான். அன்றிலிருந்து நான் அவனை வெறுத்தேன். இதை நீங்கள் பூசி மெழுக வேண்டாம், வெறுத்தேன் என்றே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில் சாப்பிடுவது வழக்கம். சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு வரும், நான்தான் ஆரம்பிப்பேன். ஒருநாள் தங்கை பொறுக்கமுடியாமல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, ஒரு கறுப்புத் திரைக்காக மாசக்கணக்கா இப்படியா மல்லுக்கு நிப்பீங்க? அவர்தான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்."

"என்ன சொல்லணும்?"

"நான் சொல்றது சரின்னு ஒரு வார்த்தை."

அவள் அவனைப் பார்த்தாள். "சொல்லித் தொலைங்களேன். அண்ணா நிம்மதியா சாப்பிடட்டும்."

அவன் சிரித்துக்கொண்டே குழம்பைப் பிசைந்தான். "மனசுல பட்டாத்தானே சொல்ல முடியும்? சும்மா சொன்னா மச்சானுக்கே பிடிக்காது," என்றான். அதுவும் சரிதான். சும்மா சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அவன் மனசில் படவேண்டும், பட்டு அவனே வந்து சொல்ல வேண்டும். அதற்கு லைன் ஒருமுறை அறுந்தால் போதும் என்று அன்றைக்குக் கைகழுவும்போது நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மருத்துவமனையில் புதிதாக ஒரு பகுதி கட்டி முடிந்திருந்தது. அதனால் எல்லாக் கட்டில்களுக்கும் எண் மாற வேண்டும். பழைய எண்களையெல்லாம் சர்வரில் புது எண்களாக மாற்றும் வேலையை நிர்வாகி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். சின்ன வேலைபோலத் தோன்றும். ஆனால் எங்கள் சர்வரில் மருந்து வரிசைகளில் கட்டில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் வேறொரு பட்டியலிலிருந்து வந்து மேலே ஒட்டிக்கொள்ளும். மாற்றும் வேலை பாதியில் நின்றால் மேலே உங்கள் பெயர் இருக்கும், கீழே பக்கத்துக் கட்டில்காரரின் மருந்து இருக்கும். இது அவனுக்குத் தெரியும், எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை அப்படி அமைத்தவனே நான்தான்.

எண் மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு திரையைச் சரிபார்க்கப் போயிருந்தேன். நடையோரக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. வயிற்றில் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். படுத்திருந்தபடியே மருத்துவமனைத் தலையணை உறையின் பிரிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். என் மடிக்கணினியில் கோடு கோடாகப் பிரிந்த திரையை எட்டிப் பார்த்தார்.

"நீங்களும் கோடு போட்டுக்கிட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பீங்க போல."

ஆமாம் என்றேன்.

"அதான் நல்லது. கண் அளவுல வெட்டுறேன்னு கிளம்புறவங்கதான் துணியைப் பாழாக்குவாங்க," என்றார். வீட்டுக்குப் போக இன்னும் எத்தனை நாளாகும் என்று திரையில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். அது என் வேலை இல்லை, டாக்டரைக் கேளுங்கள் என்றேன். நல்ல மாதிரியான பெண்மணி. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றும் நாளன்று வார்டுகளுக்கெல்லாம் சொல்லியிருந்தோம், நாங்கள் ஃபோனில் சரி சொல்லும்வரை யாரும் திரையைப் பார்க்கக் கூடாது, அச்சிட்ட தாளைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று. காலையில் நானே சர்வரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எடுப்பது எங்கள் வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினான். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவன் திரையை ஒருதரம் பார்த்தேன். நாலு ஜன்னல், நாலுக்கும் கலர் கரை. எதிலும் அடியில் பச்சைப் பட்டை இல்லை. இவ்வளவு பெரிய வேலையை, இத்தனை பேர் உயிர் சம்பந்தப்பட்டதை, வெறும் டெர்மினலில் ஓடவிட்டிருந்தான். என் தலைக்குள் என்னமோ சுருக்கென்றது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

"ஒரு மணி நேரம் ஆகும் மச்சான். நீங்க வேணா ஒரு நடை போயிட்டு வாங்க."

நான் கீழே சர்வர் அறைக்குப் போனேன். குளிர்சாதனத்தைச் சரிபார்க்கப் போவதாகச் சொன்னேன். அங்கே சுவரில் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது, எல்லா மேசைகளின் கேபிள்களும் அதில் வந்துதான் சேரும். எது யாருடையது என்று பெயர் ஒட்டியிருப்பேன். அவனுடையதைப் பிடித்து, கொக்கியை அழுத்தி, வெளியே இழுத்தேன். சத்தம்கூட வரவில்லை. லைன் எப்போதாவது அறுந்திருக்கிறதா என்று கேட்டானே, இப்போது அறுந்துவிட்டது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இன்னும் இருக்கிறது.

என் கணக்கு இதுதான். லைன் போனதும் அவன் வேலை செத்துவிடும். பதறியடித்துக்கொண்டு எனக்கு ஃபோன் செய்வான். நான் கேபிளை மாட்டுவேன், காலையில் எடுத்த நகலைத் திரும்ப ஏற்றுவேன், எல்லாம் பழையபடி இருக்கும். வார்டுகளில் தாள் இருக்கிறது, யாருக்கும் ஒரு குறையும் வராது. அவன் மட்டும் என் முன்னால் நின்று, நீங்கள் சொன்னது சரி மச்சான் என்று சொல்லியாக வேண்டும். ஒருவனுக்குப் பாடம் புகட்ட இதைவிடச் சேதமில்லாத வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஃபோன் வந்தது.

"மச்சான், என் லைன் போச்சு. கீழதானே இருக்கீங்க, கொஞ்சம் பாக்குறீங்களா?"

"வேலை என்ன ஆச்சு?"

"அது ஒண்ணும் இல்ல. மெதுவாவே பாருங்க, அவசரமில்ல."

அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பின்னால் யாரோ நர்ஸ் எதற்கோ சிரிப்பது கேட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. வேலை செத்துக் கிடக்கிறது, அதுகூடத் தெரியாமல் அவசரமில்லை என்கிறானே. பாதி எண் மாறி, பாதி மாறாமல் கிடக்கும் மருந்துப் பட்டியலை இவன் கண்ணுக்கு நேரே நீட்டினாலும் பார்க்கமாட்டானா? அவன் கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சர்வரோடு சேர்ந்த கீபோர்டு அங்கேயே இருந்தது. நகலைத் திரும்ப ஏற்றும் கட்டளையைக் கொடுத்தேன். மேலே போய், நீ கெடுத்ததை நான் சரிசெய்துவிட்டேன், மறுபடி முதலிலிருந்து ஒழுங்காக ஆரம்பி என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்பது யோசனை.

புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. சர்வரில் எதையும் தொடும் முன் எந்தெந்த செஷன்கள் உயிரோடு இருக்கின்றன என்று பட்டியல் போட்டுப் பார். ஒரே ஒரு சிறிய கட்டளைதான். அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை. பச்சைப் பட்டைதான் இல்லையே, பட்டியலில் என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். நகல் ஏறிக்கொண்டிருக்கும்போது கை சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷத்தில் பட்டியலைக் கேட்டது.

ஒரு செஷன் இருந்தது. என்னுடையதல்ல. உள்ளே அவன் வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மல்டிபிளெக்சரில்தான் தொடங்கியிருக்கிறான். ஜன்னலுக்கு ஏற்கெனவே கலர் கரை இருக்கிறதே, அடியில் வேறு எதற்குப் பட்டை என்று அழகுக்காக அதை மறைத்து வைத்திருக்கிறான். செஷன்களுக்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம். அவன் அதற்கு மச்சான் என்று பெயர் வைத்திருந்தான்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அவன் வேலை புது எண்களை எழுதிக்கொண்டே முன்னால் போக, என் நகல் பழைய எண்களை எழுதிக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தது. நினைவு வந்து என்னுடையதை நிறுத்தினேன். அதற்குள் கீழ்த்தள வார்டுகள் சிலவற்றில் பெயர்கள் புது எண்ணில் இருக்க, மருந்து வரிசைகள் மட்டும் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டிருந்தன. அறுவைச் சிகிச்சை வார்டு கீழ்த்தளத்தில் இருக்கிறது.

அப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. வார்டுகளில் இன்னும் தாளைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கூப்பிட்டு, நிறுத்து, மறுபடி முதலிலிருந்து செய் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பான். கேபிள் ஏன் வெளியே வந்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று மாடிப்படி ஏறும்போது யோசித்துக்கொண்டுதான் போனேன். கேபிளை மாட்டிவிட்டுத்தான் போனேன். நான் கொடுத்த கட்டளைகளின் பதிவையும் அழித்துவிட்டுத்தான் போனேன். இரண்டையும் ஏன் செய்தேன் என்று கேட்டால், அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைப்பதில்லையா, அதுபோலத்தான்.

மேலே அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. செஷனில் மறுபடி சேர்ந்திருந்தான், வேலை பிழையில்லாமல் முடிந்தது என்று திரையில் வந்திருந்தது. அந்த வேலை மொத்தம் எத்தனை வரிசை என்ற எண்ணிக்கையை மட்டும்தான் சரிபார்க்கும், எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். சுற்றி நர்ஸ்கள் இருந்தார்கள், நிர்வாகியும் வந்திருந்தார்.

"மச்சான், நீங்க சொன்னதுதான் சரி," என்றான். "நேத்து ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டேன். முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்குன்னு பாத்து லைன் அறுந்துச்சு பாருங்க. உங்க பேச்சைக் கேக்கலேன்னா நான் இன்னைக்குத் தொலைஞ்சிருப்பேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, மச்சான்தான் என்னைக் காப்பாத்தினாரு."

நர்ஸ் ஒருத்தி கை தட்டினாள். நிர்வாகி என் முதுகில் தட்டி, "நீங்க சொல்றதையும் கொஞ்சம் கேட்டிருக்கணும் நாங்க," என்றார்.

ஐயா, உங்களுக்கு அப்படி யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து, இல்லை மாப்பிள்ளை, கேபிளை நான்தான் இழுத்தேன், பட்டியல் குழம்பிக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவன் அத்தனை பேர் முன்னால் மனசாரச் சொன்னதை நானே பிடுங்கித் தூரப்போடுவதா?

ஃபோன் அடித்தது. தலைமை நர்ஸ். தாளை எடுத்துவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்டார். எடுத்தது மாப்பிள்ளை. ஃபோனின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"சொல்லிடலாமா மச்சான்?"

முதல்முறையாக ஒரு விஷயத்தில் என் அனுமதியைக் கேட்டான். நான், "சொல்லு மாப்பிள்ளை," என்றேன்.

சொன்னான்.

தையல்காரம்மாவின் பெயருக்குக் கீழே வேறொருவருடைய ஊசி இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது. இதய நோயாளி ஒருவருக்கு எழுதியது. வயிற்றுத் தையல் ஆறாதவருக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் உங்களுக்கு விளக்கமாகவே சொல்லியிருப்பார். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. வேறு இரண்டு பேருக்கும் மருந்து மாறியிருந்தது, அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அன்றிரவு வீட்டுக்கே போகவில்லை, வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அடுத்த நாள் நீங்கள் வந்து அழைத்துப் போனீர்கள்.

தங்கை என் வீட்டுக்கு ஓடி வந்தாள். தலைகூட வாரியிருக்கவில்லை.

"அண்ணா, நீங்க கூடத்தானே இருந்தீங்க. அவர்மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

விசாரணை முடியட்டும், எது உண்மையோ அது வெளியே வரும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளியில் சாப்பிடுகிறேன்.

அவளுக்காக நான் இங்கே வரவில்லை, அப்படி ஒரு நல்ல பெயர் எனக்கு வேண்டாம். இன்றைக்குக் காலையில் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மல்டிபிளெக்சரில் ஓடிய வேலை, லைன் அறுந்த பிறகு யாருடைய கண்ணிலும் படாமல் உள்ளே ஓடிப் பிழை செய்துவிட்டதாம். அதனால்தான் உயிர்ச்சேதமாம். இனி எந்தக் கணினியிலும் அதைப் பயன்படுத்தக் கூடாதாம், உடனே நீக்க வேண்டுமாம். நிர்வாகியின் கையெழுத்து. நான் நின்று இரண்டு முறை படித்தேன். நேராகக் கிளம்பி உங்களிடம் வந்துவிட்டேன்.

அது பொய். அந்த மென்பொருள் செய்ய வேண்டியதைத் துளியும் பிசகாமல் செய்தது. லைன் போனது, வேலை நிற்கவில்லை, திரும்பி வந்தவனுக்கு விட்ட இடத்தில் எல்லாம் இருந்தது. நான் இத்தனை வருஷம் சொன்னது அன்றைக்கு வார்த்தைக்கு வார்த்தை நிரூபணமானது. கெடுத்தது அதுவல்ல. கேபிளை இழுத்தது நான். பழைய நகலை மேலே ஏற்றியது நான். குழம்பிவிட்டது என்று தெரிந்தும், சொல்லு என்று சொன்னது நான். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிறகு அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையை விட்டுவிடுவீர்கள், தெரியும். விடுங்கள், ஆனால் அவன்மேல் தப்பே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி மச்சான் என்று வேலை முடிந்தபிறகு அத்தனை பேர் முன்னால் சொன்னானே, அதையே தொடங்குவதற்கு முன்னால் என் காதோடு சொல்லியிருந்தால், அந்த அம்மா இன்றைக்கு வீட்டில் தைத்துக்கொண்டிருப்பார்.